ஃபவுஸ்ட் தன் ஆன்மாவை விற்றானா? கதேயின் நாடகத்தில் உள்ள பந்தயமும் அதன் விலையும்

ஓர் அரசியல் தலைவர் பதவிக்காகக் கொள்கையைக் கைவிடும்போதும், ஓர் அரசு இன்றைய வசதிக்காக நாளைய முடிவுகளை இன்னொருவரிடம் அடகு வைக்கும்போதும், தலையங்கங்களில் ‘ஃபவுஸ்டின் பேரம்’ என்ற சொற்றொடர் வந்துவிடுகிறது. உடனடி ஆதாயத்துக்காக ஆன்மாவைச் சாத்தானிடம் விற்றுவிடுவது என்பதே அதற்குக் கொள்ளப்படும் பொருள். பழைய ஃபவுஸ்ட் கதைக்கு அந்தப் பொருள் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் அந்தப் பெயரை உலக இலக்கியத்தில் நிலைநிறுத்திய நாடகத்தில், ஜெர்மானியக் கவிஞர் யொஹான் வொல்ஃப்காங் ஃபொன் கதே (1749–1832) எழுதிய ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில், அப்படியொரு விற்பனை நடப்பதில்லை. அங்கே நடப்பது ஒரு பந்தயம். விற்பனைக்கும் பந்தயத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் நாடகத்தின் முடிவு புரியாது. நாயகன் மீட்கப்பட்டு மேலே செல்லும் ஒரு நாடகத்துக்கு அதன் ஆசிரியரே ‘துன்பியல்’ என்று ஏன் பெயரிட்டார் என்பதும் புரியாது.

கதைக்கு முன்னால் இருந்த மனிதன்

ஃபவுஸ்ட் முழுக் கற்பனை அல்லன். 1480-ஐ ஒட்டிப் பிறந்து 1540-ஐ ஒட்டி இறந்த ஒரு சோதிடன், மாயவித்தைக்காரன் அந்தப் பெயரில் தென் ஜெர்மனியின் ஊர்களில் திரிந்திருக்கிறான். அவன் பிறந்த ஊராகக் க்னிட்லிங்கனும் இறந்த ஊராக ஷ்டாவுஃபனும் மரபாகச் சொல்லப்படுகின்றன. அவன் மறைவுக்குப் பின் ஊர்க்கதைகள் பெருகின. 1587-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் யொஹான் ஷ்பீஸ் என்ற அச்சகர் அவற்றின் தொகுப்பை ஒரே நூலாக வெளியிட்டார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. கற்றவன் கடவுளை மறந்து அறிவின் பின்னால் போனால் என்ன ஆகும் என்று அச்சுறுத்தும் நூல் அது.

அந்த நூலில் இருப்பது கறாரான விற்பனை. சாத்தான் 24 ஆண்டுகள் ஊழியம் செய்ய வேண்டும். தவணை முடிந்ததும் உடலும் ஆன்மாவும் அவனுடையவை. பத்திரம் இரத்தத்தில் எழுதப்படும். ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ இதே கதையைச் சில ஆண்டுகளிலேயே மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நாயகன் கடைசி ஒரு மணி நேரத்தை எண்ணி எண்ணித் துடிப்பதும், நள்ளிரவு மணி அடித்ததும் பேய்கள் அவனை இழுத்துச் செல்வதும் இன்றும் மேடையில் அதிர வைப்பவை. ஆங்கில நடிகர் குழுக்கள் கதையை மீண்டும் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தன. அங்கே அது சந்தைகளில் ஆடப்படும் பொம்மலாட்டமாகத் தேய்ந்தது. கதே சிறுவயதில் அறிந்தது அந்தப் பொம்மலாட்டத்தைத்தான்.

அறுபது ஆண்டு வேலை

கதே இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்த இந்த நாடகத்தை எண்பதைத் தாண்டிய வயதில் முடித்தார். 1770-களில் எழுதிய முதல் வரைவை அவர் அச்சிடவே இல்லை. கதே பணியாற்றிய வைமர் அரசின் அரசவைப் பெண்மணி ஒருவர் எடுத்து வைத்திருந்த படி 1887-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. 1790-இல் ஒரு பகுதி மட்டும் வெளியாயிற்று. முதல் பாகம் 1808-இல் வந்தது. இரண்டாம் பாகத்தை 1831-இல் முடித்ததும், தன் வாழ்நாளில் வெளியாக வேண்டாம் என்று கையெழுத்துப் படியை முத்திரையிட்டு வைத்தார். அவர் இறந்த 1832-இல்தான் அது அச்சேறியது. இரண்டு பாகங்களும் சேர்ந்து 12,111 அடிகள்.

இந்த நீண்ட இடைவெளிக்குள் இந்தியாவுக்கும் ஒரு சிறிய பங்கு உண்டு. காளிதாசனின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் 1789-இல் ஆங்கிலத்தில் தந்தார். அதை கெயோர்க் ஃபோர்ஸ்டர் 1791-இல் ஜெர்மனில் பெயர்த்தார். கதே அதைப் படித்து வியந்து பாடியிருக்கிறார். சூத்திரதாரியும் நடியும் நாடகத்துக்கு முன் வந்து பேசும் அந்த வடமொழி மரபே, ‘ஃபவுஸ்ட்’ தொடங்குமுன் நாடக முதலாளியும் கவிஞனும் கோமாளியும் வாதிடும் முன்காட்சிக்குத் தூண்டுதல் என்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கிறார்கள்.

பந்தயம் எப்படி உருவாகிறது

முன்காட்சிக்குப் பின் வானுலகக் காட்சி வருகிறது. விவிலியத்தின் யோபு புத்தகத்தை அறிந்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே தெரிந்துவிடும். மெஃபிஸ்டோஃபிலிஸ் என்னும் சாத்தான் இறைவன் முன் வந்து, ஃபவுஸ்டைத் தன் வழிக்குத் திருப்பிக் காட்டுவதாகப் பந்தயம் கூறுகிறான். இறைவன் பதில் பந்தயம் கட்டுவதில்லை. அவன் மண்ணில் வாழும் வரை உனக்குத் தடை இல்லை என்று அனுமதி மட்டும் தருகிறார். ‘முயலும் வரை மனிதன் தவறிக்கொண்டே இருப்பான்’ என்ற புகழ்பெற்ற அடி இங்கேதான் வருகிறது. இதைப் பற்றி ஃபவுஸ்டுக்கு எதுவும் தெரியாது.

கீழே ஃபவுஸ்ட் தன் படிப்பறையில் இருக்கிறான். தத்துவம், சட்டம், மருத்துவம், இறையியல் அனைத்தையும் கற்று முடித்தும், முன்பைவிட ஓர் அணுவும் அறிவு கூடாமல் இதோ பேதையாக நிற்கிறேன் என்று புலம்புகிறான். நஞ்சுக் கிண்ணத்தை உதட்டுக்கு எடுத்துச் சென்றவனை உயிர்ப்பு ஞாயிற்றின் மணியோசை தடுத்து நிறுத்துகிறது. அன்று மாலை நடந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கறுப்பு நாய் கூடவே வந்துவிடுகிறது. அவன் அமர்ந்து யோவான் நற்செய்தியை மொழிபெயர்க்கத் தொடங்குகிறான். ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்ற முதல் வரியிலேயே அவனுக்குத் தடை. வார்த்தைக்கு அவ்வளவு மதிப்புத் தர முடியாது என்று அடித்துவிட்டு ‘எண்ணம்’ என்கிறான். பிறகு ‘ஆற்றல்’ என்கிறான். கடைசியில் நிம்மதியோடு ‘ஆதியிலே செயல் இருந்தது’ என்று எழுதுகிறான். நாய் உறுமுகிறது. அந்த நாய்தான் மெஃபிஸ்டோ. அடித்துத் திருத்தப்பட்ட இந்த ஒரு வரியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் அங்கத்தில் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்த சந்திப்பில்தான் பேச்சு முடிவாகிறது. அதன் படிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. முதலில் மெஃபிஸ்டோ முன்வைப்பது பழைய பேரம்தான். இங்கே நான் உனக்கு ஊழியம் செய்கிறேன், அங்கே நாம் மீண்டும் சந்திக்கும்போது நீ எனக்கு அதையே செய் என்கிறான்.

2. ஃபவுஸ்ட் அதைப் பொருட்படுத்துவதில்லை. மறுமையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, என் இன்பமும் துன்பமும் இந்த மண்ணில் பிறப்பவை என்கிறான். சாத்தானால் தனக்கு எதையும் தர முடியும் என்றும் அவன் நம்பவில்லை. உன் உணவு பசியாற்றாது, உன் பொன் கையில் நிற்காது என்று வரிசையாக எடுத்துச் சொல்கிறான்.

3. பிறகு ஃபவுஸ்டே பந்தயத்தைக் கூறுகிறான். நான் எப்போதாவது நிறைவடைந்து சோம்பல் படுக்கையில் சாய்ந்தால் அத்தோடு என் கதை முடியட்டும். ஓடும் ஒரு கணத்தைப் பார்த்து, ‘சற்றே நில், நீ அவ்வளவு அழகு’ என்று நான் சொன்னால், அப்போது நீ என்னை விலங்கிடலாம். மெஃபிஸ்டோ ஒரே சொல்லில் சம்மதிக்கிறான். கைகள் அடித்துக்கொள்கின்றன.

4. அதன் பிறகும் மெஃபிஸ்டோ எழுத்தில் சில வரி கேட்கிறான். மனிதன் வாக்கு போதாதா என்று ஃபவுஸ்ட் சலித்துக்கொண்டே ஒரு துளி இரத்தத்தில் கையெழுத்திடுகிறான். ‘இரத்தம் மிகத் தனியானதொரு சாறு’ என்கிறான் மெஃபிஸ்டோ.

விற்பனையில் விலை முதலிலேயே தீர்மானமாகிவிடும். நாள் வந்ததும் சரக்கு கைமாறும். பந்தயத்தில் இரு தரப்பில் எவரும் தோற்கலாம். பழைய கதையில் ஃபவுஸ்டின் குற்றம் அளவுக்கு மீறி ஆசைப்பட்டது. கதேயிடம் அவன் தோற்பதற்கு உள்ள ஒரே வழி ஆசையை நிறுத்துவது. ஓய்வின்மையைப் பாவத்தின் பட்டியலிலிருந்து எடுத்து மனித இயல்பின் மையத்தில் வைத்ததால்தான், இந்த நாடகத்தில் நவீன மனிதன் தன்னை அடையாளம் கண்டுகொண்டான்.

இன்னொன்றும் உண்டு. தோற்றால் ஃபவுஸ்ட் என்ன இழப்பான் என்பது பந்தயத்தில் சொல்லப்படுகிறது. அது நடந்துகொண்டிருக்கும்போது வழியில் நிற்பவர்கள் என்ன இழப்பார்கள் என்பது எந்த வரியிலும் சொல்லப்படுவதில்லை. நாடகத்தை ‘துன்பியல்’ ஆக்குவது அந்த விடுபாடுதான் என்பது என் வாசிப்பு.

முதல் விலை: கிரெட்சென்

முதல் பாகத்தின் இரண்டாம் பாதி மார்கரேட் என்ற எளிய பெண்ணின் கதை. கிரெட்சென் அவளுடைய செல்லப்பெயர். சூனியக்காரியின் மருந்தால் இளமை பெற்ற ஃபவுஸ்ட் அவளைத் தெருவில் காண்கிறான். நகைப்பேழை அவள் அலமாரிக்குள் போய்ச் சேர்கிறது. தாய் அந்த நகையைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட, இன்னும் பெரிய பேழை வருகிறது. இரவில் தாய் விழிக்காமலிருக்க ஃபவுஸ்ட் தரும் மயக்க மருந்தில் தாய் இறக்கிறாள். தட்டிக்கேட்ட அண்ணன் வாலன்டீன் ஃபவுஸ்டின் வாளுக்கு இரையாகிறான். ஊர்ப்பழிக்கு அஞ்சிப் பிறந்த குழந்தையை நீரில் அமிழ்த்திய கிரெட்சென் சிறையில் தலைவெட்டுக்குக் காத்திருக்கிறாள். அதே காலத்தில் ஃபவுஸ்ட் ஹார்ட்ஸ் மலையுச்சியில் சூனியக்காரிகளின் இரவுக் கொண்டாட்டத்தில் இருக்கிறான்.

இதில் கற்பனை குறைவு. சுசன்னா மார்கரேத்தா பிராண்ட் என்ற பணிப்பெண், பெற்ற குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக 1772 ஜனவரி 14 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் பொது இடத்தில் வாளால் வெட்டப்பட்டாள். கதே அந்த ஊர்க்காரர்; சட்டம் படித்து முடித்து 1771 ஆகஸ்டில் திரும்பி, அங்கேயே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியிருந்தார். முதல் வரைவு அந்த மரணத்தை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது.

கிரெட்சென் ஏமாந்த பெண் மட்டுமல்லள். தோட்டத்தில் அவள்தான் ஃபவுஸ்டை நேராகக் கேட்கிறாள்: மதத்தைப் பற்றி உன் நிலை என்ன, சொல். பெயரெல்லாம் வெறும் ஓசையும் புகையும் என்று அவன் அழகாகச் சுற்றி வளைக்கிறான். யாரையாவது தப்பிக்கவிடாமல் அடிப்படையான ஒன்றைக் கேட்பதற்கு ‘கிரெட்சென் கேள்வி’ என்று ஜெர்மன் மொழியில் இன்றும் பெயர். மெஃபிஸ்டோவைக் கண்ட மாத்திரத்தில் வெறுப்பவளும் அவள்தான்.

அவள் சிறைப்பட்ட செய்தி தெரிந்ததும் ஃபவுஸ்ட் கொதிக்கிறான். மெஃபிஸ்டோ சொல்லும் பதில் ஜெர்மனில் ஐந்தே சொற்கள்தாம்: ‘அவள் முதலாமவள் அல்லளே.’ செய்யுள் நாடகத்தில் இந்த ஒரு காட்சியை மட்டும் கதே உரைநடையாகவே விட்டுவைத்தார். கடைசியில் சிறைக்கதவு திறந்திருந்தும் அவள் வெளியேற மறுக்கிறாள். ‘அவள் தீர்ப்புக்கு உள்ளாகிவிட்டாள்’ என்கிறான் மெஃபிஸ்டோ. ‘மீட்கப்பட்டுவிட்டாள்’ என்று மேலிருந்து ஒரு குரல் வருகிறது. முதல் வரைவில் அந்த மேற்குரல் இல்லை, 1808-இல்தான் சேர்ந்தது.

இடையில் ஒரு காகிதம்

இரண்டாம் பாகத்தின் முதல் நான்கு அங்கங்கள் அரசவை, கிரேக்கத் தொன்மம், ஹெலனுடன் திருமணம், போர் என்று விரிகின்றன. பொருளாதார விவாதங்களில் இந்த நாடகம் அடிக்கடி நினைவுகூரப்படுவதற்குக் காரணமான காட்சி இங்கே உள்ளது. பேரரசின் கருவூலம் காலி. மெஃபிஸ்டோ சொல்லும் வழி எளியது: மண்ணுக்குள் புதைந்த புதையல் எல்லாம் பேரரசனுக்கே சொந்தம்; அது இன்னும் தோண்டப்படவில்லை என்பதால் என்ன, அதையே ஈடாகக் காட்டிச் சீட்டு எழுதலாம். திருவிழாக் கூத்தின் நடுவே பேரரசன் ஒரு சீட்டில் கையெழுத்திடுகிறான். ஒரே இரவில் அது ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்படுகிறது. மறுநாள் தையற்கடையும் கள்ளுக்கடையும் களைகட்டுகின்றன. பணத்தை என்ன செய்வாய் என்று பேரரசன் ஒவ்வொருவராகக் கேட்க, பெரும்பாலோர் குடி, சூது, நகை என்கிறார்கள். அரசவைக் கோமாளியோ இன்று மாலைக்குள் நிலம் வாங்கிவிடுவேன் என்கிறான்.

கதே வைமர் அரசில் சுரங்கத்தையும் நிதியையும் நேரில் கவனித்த அமைச்சர். பிரெஞ்சுப் புரட்சி அரசின் காகிதப் பணம் மதிப்பிழந்து போனதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். காட்டப்படாத ஒன்றின் பேரில் இன்றைக்குச் செலவழிப்பது என்ற கணக்கு, ஃபவுஸ்டின் வாழ்க்கைக் கணக்கும்தான்.

கடைசி விலை: இரண்டு முதியவர்கள்

ஐந்தாம் அங்கத்தில் ஃபவுஸ்டுக்கு நூறு வயது. பேரரசனிடமிருந்து கடற்கரையைப் பெற்று, அணைகள் கட்டிக் கடலைப் பின்னுக்குத் தள்ளிப் புதிய நிலம் உண்டாக்கியிருக்கிறான். கால்வாய்களில் கப்பல்கள் வருகின்றன. வேலை எப்படி நடந்தது என்பதை, அருகில் மணல்மேட்டில் வாழும் பௌக்கிஸ் என்ற மூதாட்டி ஒரு விருந்தினனிடம் சொல்கிறாள்: பகலில் ஆட்கள் வீணாக இரைச்சலிட்டார்கள், மறுநாள் பார்த்தால் அணை நின்றது, இரவுகளில் வேதனைக் குரல் கேட்டது, மனிதப் பலிகள் இரத்தம் சிந்தின.

பௌக்கிஸும் அவள் கணவர் பிலேமோனும் ஒரு குடிசையிலும் ஒரு சிற்றாலயத்தின் மணியோசையிலும் சில லிண்டன் மரங்களின் நிழலிலும் நிறைவாக வாழ்பவர்கள். ஃபவுஸ்டுக்கு அந்த மேடு வேண்டும். அதன்மேல் ஏறி நின்று தான் செய்தது அனைத்தையும் ஒரே பார்வையில் காண வேண்டும். ‘எனக்குச் சொந்தமில்லாத அந்தச் சில மரங்கள் என் உலக உடைமையையே கெடுக்கின்றன’ என்கிறான். மாற்று இடம் ஒதுக்கியிருக்கிறான். அவர்கள் போக மறுக்கிறார்கள். கடைசியில் மெஃபிஸ்டோவிடம், போய் அவர்களை அப்புறப்படுத்துங்கள் என்று சொல்கிறான். மெஃபிஸ்டோ பார்வையாளர் பக்கம் திரும்பி, நாபோத்தின் திராட்சைத் தோட்டம் முன்பும் இருந்தது என்கிறான். ஆகாப் அரசனுக்குப் பிடித்துப்போன நிலத்துக்காகக் கொல்லப்பட்ட நாபோத்தின் விவிலியக் கதை அது.

இரவில் காவற்கோபுரத்தில் நிற்கும் லின்க்கெயுஸ் தீயைக் காண்கிறான். குடிசை, ஆலயம், மரங்கள் எல்லாம் எரிகின்றன. திரும்பி வந்தவர்கள் அறிக்கை தருகிறார்கள்: தட்டினோம், திறக்கவில்லை, கதவை உடைத்தோம், முதியவர்கள் அச்சத்திலேயே சாய்ந்துவிட்டார்கள், எதிர்த்த விருந்தினனை வெட்டினோம். ஃபவுஸ்ட் சினக்கிறான்: ‘நான் கேட்டது மாற்று, கொள்ளையை அல்ல.’ படிப்பறையில் வார்த்தையை அடித்துச் ‘செயல்’ என்று எழுதியவன் இவன். அவனுடைய ஒரே வார்த்தை, பிறர் கைகளின் வழியாக, இந்தச் செயல் ஆயிற்று. வளர்ச்சித் திட்டங்களுக்காக ஊர்கள் காலி செய்யப்படும் செய்திகளைப் படித்திருக்கும் எவருக்கும் இந்த வாக்கியத்தின் தொனி பழக்கமானதாகவே இருக்கும்.

பந்தயத்தில் வென்றது யார்

அதே இரவில் ‘கவலை’ என்னும் உருவம் சாவித்துளை வழியே நுழைந்து ஃபவுஸ்டின் மேல் ஊதுகிறது. அவன் பார்வை போகிறது. இருட்டில் மண்வெட்டிகளின் ஓசை கேட்கிறது. தன் ஆட்கள் புதிய வடிகால் தோண்டுகிறார்கள் என்று மகிழ்கிறான். உண்மையில் பேயுருக்கள் அவனுக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மன் மொழியில் கால்வாய்க்கு ‘கிராபென்’, கல்லறைக்கு ‘கிராப்’. அந்தச் சிறிய ஓசை வேறுபாட்டை மெஃபிஸ்டோ தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்க்கிறான். கண் தெரியாத ஃபவுஸ்ட் பேசுகிறான்: இலட்சக்கணக்கானோர் விடுதலையான மண்ணில் விடுதலையான மக்களாக உழைத்து வாழ்வதைக் காண வேண்டும், அந்தக் கணத்தை நோக்கி ‘சற்றே நில், நீ அவ்வளவு அழகு’ என்று நான் சொல்லலாம். சொல்லி முடித்ததும் விழுந்து இறக்கிறான்.

பந்தயத்தின் சொற்கள் உச்சரிக்கப்பட்டுவிட்டன. முடிவு என்ன? ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதத்தின் கட்டங்கள் இவை.

1. சொல்லளவில் பார்த்தால் மெஃபிஸ்டோ வென்றான். வாக்கியம் வந்தது, வந்த உடனே ஃபவுஸ்ட் விழுந்தான். மெஃபிஸ்டோ இரத்தக் கையெழுத்துப் பத்திரத்தோடு உடலருகே காத்திருக்கிறான்.

2. இலக்கணத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஃபவுஸ்ட் பயன்படுத்துவது ‘சொல்கிறேன்’ அல்ல, ‘சொல்லலாம்’ என்ற நிபந்தனை வினை. அவன் புகழும் கணம் இன்னும் வராதது. அதை முன்னுணர்ந்து இப்போது உச்சக் கணத்தைத் துய்க்கிறேன் என்று சேர்த்துச் சொல்வதால் வழக்கு மேலும் சிக்கலாகிறது.

3. பொருளைப் பார்த்தால் மெஃபிஸ்டோவுக்கு அதில் பங்கில்லை. சாத்தான் தந்த எந்த இன்பமும் ஃபவுஸ்டை நிறுத்தவில்லை. அவனை நிறைத்தது அவன் மனத்திலேயே பிறந்த ஒரு காட்சி.

4. ஆனால் அந்தக் காட்சி உண்மையா? கண் தெரியாத ஒருவன் தன் குழி தோண்டப்படும் ஓசையை வைத்துக் கட்டிய கனவு அது. விடுதலை மண் என்று அவன் பெயரிடும் நிலத்தில் பிலேமோன் வீட்டுச் சாம்பல் இன்னும் ஆறவில்லை.

நான்காவது கட்டத்தைத் தவிர்த்து மூன்றாவதோடு நின்றுவிடும் வாசிப்பு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பெருவழக்காயிற்று. ஓயாது முயலும் நாயகன் தேசிய முன்மாதிரி ஆனான். கதே எழுதியதில் பாதிதான் அந்த வாசிப்புக்குள் வருகிறது.

மீட்பு

மெஃபிஸ்டோ தோற்பது வழக்கில் அல்ல. வானவர்கள் ரோசாப்பூக்களைத் தூவி இறங்குகிறார்கள். அவர்கள் அழகில் மயங்கி அவன் கவனம் சிதறிய நொடியில் ஃபவுஸ்டின் அழியாப் பகுதியைத் தூக்கிச் செல்கிறார்கள். ‘என்றும் முயன்று பாடுபடுபவனை நாங்கள் மீட்கலாம்’ என்பது அவர்கள் பாட்டு. ‘மீட்போம்’ என்று அவர்கள் சொல்வதில்லை. முயற்சி மீட்பைச் சாத்தியமாக்குகிறது, அவ்வளவே. அதே பாட்டின் அடுத்த அடிகள், மேலிருந்து அன்பும் அவனில் பங்கேற்றிருக்க வேண்டும் என்கின்றன. பத்திரமும் பந்தயமும் முடிந்த இடத்துக்குப் பிறகு, கேட்காமல் தரப்படும் அருள் தொடங்குகிறது.

இறுதிக் காட்சியில் அந்த அன்புக்கு முகம் உண்டு. பாவத்துக்காக வருந்தும் பெண்களின் நடுவிலிருந்து ஒருத்தி, முன்பு கிரெட்சென் என்று அழைக்கப்பட்டவள், விண்ணரசியின் முன் வந்து அவனுக்காக மன்றாடுகிறாள். தாயையும் அண்ணனையும் குழந்தையையும் தன் உயிரையும் இழந்தவள் அவள். அந்தப் புதியவனுக்கு வழிகாட்ட எனக்கு அனுமதி தாருங்கள் என்று கேட்கிறாள். அனுமதி கிடைக்கிறது.

பிலேமோனும் பௌக்கிஸும் அந்தக் காட்சியில் இல்லை.